பாறைமேட்டில் பதினேழு பூட்டுகள்

என்னை நம்பி யாரும் வீட்டுச் சாவி கொடுத்ததில்லை. கொடுக்காதவர்கள் மேல் தப்பும் இல்லை. ஏழாம் வகுப்போடு சாயல்குடிப் பக்கத்திலிருந்து கிளம்பியவன் நான். எந்த ஊரிலும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் கால் தரித்ததில்லை. உப்பளம், இறால் பண்ணை, முறுக்குக் கம்பெனி, கடைசியாகச் சூரத்தில் ஒரு துணி ஆலையின் கேன்டீன். அங்கே என்னோடு சோறு வடித்த மாதேஷ்தான் முதன்முதலாக ஒரு சாவியை என் கையில் வைத்தான்.

"நீ எப்பிடியும் இங்கருந்து ஓடத்தான போற" என்றான். "ஓடுறவன் எங்க ஊரு வழியா ஓடு. வெள்ளிக்கெழம ஆபீசருங்க வந்து வூடு வூடா எண்ணுறாங்க. எனக்கு லீவு கெடைக்கல. எங்கூட்டுக் கதவத் தொறந்து வெச்சுக்கிட்டு நில்லு. அது போதும்."

தருமபுரி நகரத்தின் ஓரத்தில் இருக்கும் பாறைமேடு அவனுடைய குடியிருப்பு. அங்கே ரேஷன் கடை இல்லை. நூற்றைம்பது குடும்பங்கள் நிஜமாகவே குடியிருந்தால் வாரத்தில் இரண்டு நாள் திறக்கும் கடை ஒன்று தருவதாகச் சொல்லியிருந்தார்களாம். போன தடவை எண்ண வந்தபோது பன்னிரண்டு குறைந்துவிட்டது. வீடுகள் இருந்தன, ஆட்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். பூட்டிய கதவை யாரும் எண்ண மாட்டார்கள் அல்லவா? கார்டு வைத்திருந்தால் போதாது. கார்டில் பெயர் உள்ள ஒருவர் வீட்டில் நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. இந்தக் கடைசி வரியை மாதேஷ் என்னிடம் சொல்லவில்லை. அவனுக்கே தெரியாது.

புதன்கிழமை காலை தருமபுரி பேருந்து நிலையத்தில் இறங்கியதும் இட்லி சாப்பிட்டேன். சட்னி நிலக்கடலையில் அரைத்தது. எங்கள் பக்கம் தேங்காய் இல்லாமல் சட்னி வைத்தால் சண்டை வரும். இங்கே நான் மூன்று தடவை சட்னி கேட்டேன், சண்டை வரவில்லை.

டவுன் பஸ்ஸில் "பாறைமேடு" என்று சீட்டுக் கேட்டபோது நடத்துநர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஸ்டாப்பிங் கெடையாதுங்க. வளைவுல ஸ்லோ பண்ணுவோம். கால வெச்சு எறங்கிக்கணும்." சொன்னபடியே வேகம் குறைந்தது. நான் கால் வைத்தேன், பை மட்டும் இரண்டு அடி தள்ளி விழுந்தது. அதிலிருந்து என் தண்ணீர் பாட்டில் உருண்டது. ஒரு பெண் அதைக் காலால் தடுத்து நிறுத்தி எடுத்துக் கொடுத்தார். அவருடைய இடது மணிக்கட்டு சற்றே கோணலாக இருந்தது.

"மாதேசு சொன்ன ஆளுங்களா? சாவி இருக்குதுங்களா?" என்றார். என்னைப் பார்ப்பதற்கு முன்பே சாவியைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு இருந்தது. எடுத்துக் காட்டிய பிறகுதான் சிரித்தார். அவர்தான் ராஜம்மாக்கா.

ராஜம்மாக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். ஒரு கல்லூரி விடுதியில் காய் நறுக்குகிறார். பாறைமேட்டுக்கு ஒரு கடை வேண்டும் என்று நாலு வருஷமாக மனு கொடுத்து, ஒவ்வொரு வீட்டுக் கார்டையும் சொந்த ஊரிலிருந்து இந்த முகவரிக்கு மாற்ற வைத்தவர் அவர்தான். காரணம் அந்த மணிக்கட்டு. இப்போதைய ரேஷன் கடை ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். பாலத்தைச் சுற்றிப் போனால் ஒரு மணி நேரம் ஆகும் என்று பெண்கள் மூட்டையோடு தண்டவாளத்தைத் தாண்டுகிறார்கள். ஒரு நாள் இருபது கிலோ அரிசியோடு ஜல்லியில் சறுக்கி விழுந்திருக்கிறார். ரயில் அப்போது வரவில்லை. "கைதான போச்சு, அரிசி கொட்டல" என்று அதையும் சொன்னார்.

இந்த ஊர் எப்படி உண்டானது என்று கேட்டேன்.

"கல்லு ஒடச்சாங்க. கல்லு தீந்துச்சு. ஜனம் வந்துச்சு. அவ்ளோதான் வரலாறு. சாப்டீங்களா?"

மீதியை நானே நடந்து தெரிந்துகொண்டேன். நடுவில் பழைய குவாரி. மழைத்தண்ணீர் நின்று இப்போது துணி துவைக்கும் குளம். அதைச் சுற்றி ஐந்து சந்துகள். எந்தச் சந்துக்கும் பலகை இல்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. முதலில் வந்த கல்லுடைக்கும் குடும்பங்கள் இருப்பது கல்லுக்காரர் சந்து. ராஜம்மாக்கா வீடும் மாதேஷ் வீடும் அதில்தான். நிலத்தைப் பங்காளியிடம் விட்டுவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காகவும் வேலைக்காகவும் கடத்தூரிலிருந்து வந்தவர்கள் கடத்தூர் சந்து. அங்கே வாசலுக்கு வாசல் மோட்டார் சைக்கிள், ஒரு வீட்டில் கிறிஸ்துமஸுக்குக் கட்டிய நட்சத்திரம் பங்குனியிலும் தொங்கியது. தெலுங்கு பேசும் கட்டட வேலைக்காரர்களுக்கு ஒரு சந்து. எல்லைப் பக்கத்திலிருந்து வந்த கன்னடக் குடும்பங்களுக்கு ஒன்று. கடைசியாக வந்து கடைசியில் குடியேறியவர்கள் சித்தேரி மலைக்காரர்கள்.

கன்னடச் சந்தில் கெம்பம்மா என்றொரு அம்மாள் என்னை நிறுத்தி "ஊட்டா ஆய்த்தா?" என்றார். சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார். சாப்பிட்டேன் என்றதை அவர் பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ராகிக் களி உருண்டை ஒன்றையும் அவரைக்கொட்டைக் குழம்பையும் வைத்தார். எங்கள் ஊரில் கேப்பை என்றால் கூழ்தான். நான் களியை மென்றேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மெல்லக்கூடாதுங்க, முழுங்கணும். மென்னா அடுத்த வருசம்தான் எழுந்திரிப்பீங்க."

அன்று சாயங்காலம் சித்தேரிச் சந்தில் பெருமாள் என்ற கொத்தனார் வேட்டிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கெழம யாரும் வேலைக்குப் போகக்கூடாதுன்னு அக்கா சொல்லிட்டாங்க. எங்க சந்து மொத்தமும் வியாழக்கெழமையும் சேத்து லீவு போட்டுட்டோம்" என்றார். நான் இதை ராஜம்மாக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். "பாருங்க, மலைக்காரங்க ரெண்டு நாளு போட்டிருக்காங்க. கடத்தூர்க்காரங்க அர நாளுக்கு அழுவுறாங்க" என்று அவரும் மகிழ்ந்தார். அந்த இரண்டாவது நாள் எதற்கு என்று இருவருமே கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ராஜம்மாக்கா மாதேஷ் வீட்டுக் கதவைத் தட்டினார். "தம்பி, எழுந்திரிங்க. சித்தேரிச் சந்துல வந்து பாருங்க."

பதினேழு வீடு. பதினேழு பூட்டு. திண்டுக்கல் பூட்டு, சைக்கிள் பூட்டு, பூட்டு இல்லாத ஒரு வீட்டில் கயிறு கட்டி மூன்று முடிச்சு. கெம்பம்மாதான் விஷயத்தைச் சொன்னார். விடிகாலைப் பஸ்ஸுக்கே எல்லோரும் மலைக்குப் போய்விட்டார்கள். அங்கே பங்குனித் திருவிழாவுக்குத் தலைக்கட்டு கூப்பிடுகிறார்களாம். கோயில் முன்னால் ஒவ்வொரு குடும்பத்தின் பெயரையும் சத்தமாகக் கூப்பிடுவார்கள். மூன்று தடவை கூப்பிடுவதற்குள் அந்தக் குடும்பத்தவர் நேரில் நின்று குரல் கொடுக்காவிட்டால், அந்த வருஷம் அந்தக் குடும்பம் ஊர்க்கணக்கில் இல்லை. பூசைப் பங்கு கிடையாது.

ராஜம்மாக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "என் தப்புதான். லீவு போடுன்னு சொன்னேன். எங்க ஜனத்துக்கு லீவு குடுத்தா ஊருக்குப் போவுமே, அதத் தெரியாமப் போச்சே" என்றார். நான்கு வருஷ உழைப்பு. பதினேழு வீடு போனால் இந்தத் தடவையும் நூற்றைம்பது தேறாது. மலையில் போனும் எடுக்காது.

"யாராச்சும் போயிக் கூட்டிக்கிட்டு வரணும்" என்றார் கெம்பம்மா.

"எல்லாரும் நாளைக்கு லீவு கேட்டுட்டாங்க. இன்னிக்கும் கேட்டா வேலயே போயிடும்" என்ற ராஜம்மாக்கா என்னைப் பார்த்தார். "இந்த ஊருலயே வேலவெட்டி இல்லாத ஆளு இப்ப ஒருத்தர்தான்."

எனக்கு இது வசவாகப் படவில்லை. முதன்முதலாக என் தகுதி ஓர் ஊருக்குப் பயன்பட்டது.

அரூருக்குப் போய், அங்கிருந்து சித்தேரி பஸ். உள்ளே ஆட்களுக்குச் சமமாக உரமூட்டையும் கோழிக்கூடையும். மலை ஏற ஏற வெயில் குறைந்தது, இன்ஜின் சூடு கூடியது. நாலாவது வளைவில் வண்டி நின்று ஆவி விட்டது. நடத்துநர் பழக்கப்பட்ட குரலில் "தண்ணி பாட்டில் வெச்சிருக்கறவங்க குடுங்க" என்றார். எல்லோரும் கொடுத்தார்கள். நேற்று உருண்டு தப்பிய என் பாட்டிலும் ரேடியேட்டருக்குள் போனது. ஒரு பெரியம்மா தன் மோர் தூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இத ஊத்துனா வண்டி நல்லா குளுந்துக்கும். ஆனா தரமாட்டேன்" என்றார்.

இறங்கும்போது நடத்துநரிடம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். "ஆறு மணி. வண்டி இருக்கற நெலமையப் பாத்தீங்கல்ல? வந்தா வரும்" என்றார்.

பெருமாளின் ஊர் சித்தேரியிலிருந்து ஒன்றரை மணி நேர நடை. சாமை அறுத்த காடுகள், புளியமரங்கள், மரத்தடியில் புளி தட்டும் பெண்கள். போய்ச் சேரும்போது கால் கொப்பளித்திருந்தது. பெருமாள் என்னைப் பார்த்ததும் விருந்தாளி என்று நினைத்து வாயெல்லாம் பல்லாக வந்தார். சாமைச் சோறும் கீரைக் கடைசலும் இலையில் விழுந்தன. சாப்பிட்டுக்கொண்டே வந்த காரணத்தைச் சொன்னேன்.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்துருவோமே! ஆபீசருங்க எங்கங்க சொன்ன நேரத்துக்கு வர்றாங்க?"

"வந்துட்டாங்கன்னா?"

அவர் கீரைச் சட்டியைக் கீழே வைத்தார். சந்தின் மற்றவர்களும் பக்கத்தில் வந்து நின்றார்கள். காலையில் முதல் பஸ் பிடித்தாலும் பாறைமேடு போக மத்தியானம் ஆகிவிடும் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். இன்று ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம். ஆனால் தலைக்கட்டு கூப்பிடுவது நாலு மணிக்குத்தான் தொடங்கும். மேட்டு வீட்டிலிருந்து வரிசையாகக் கூப்பிட்டு, ஊரை விட்டுக் கீழே போனவர்களின் பெயரைக் கடைசியில் கூப்பிடுவார்கள். முடிய எப்படியும் விளக்கு வைத்துவிடும். ஓர் இடத்தில் எண்ணப்பட்டால் இன்னோர் இடத்தில் இல்லை.

நாலு மணிக்குக் கோயில் முன் ஊர் கூடியது. பெயர் கூப்பிடுபவர் ஊர்த்தலைவர். குள்ளமான மனிதர், உடம்பைவிடக் குரல் பெரிது. பெருமாள் போய்ப் பணிவாக நின்று, கீழே இருப்பவர்கள் பெயரை மட்டும் முதலில் கூப்பிட முடியுமா என்று கேட்டார். கூட்டம் சலசலத்தது.

"கீழ போயி எறங்குனவனுக்கு மேல என்னடா மொத மருவாத?" என்று ஒருவர் கத்தினார்.

பெருமாளின் அண்ணி அதைவிடக் கூர்மை. "பத்து வருசமா டவுன்ல இருக்கற. இன்னும் பஸ்சுக்கு ஓடுறதுதான் பொழப்பா கொழுந்தனாரே?"

எல்லோரும் சிரித்தார்கள். பெருமாளும் சிரிக்க வேண்டியிருந்தது. ஊர்த்தலைவர் கையை உயர்த்தினார். "வரிச மாத்துனா சாமிக்கு ஆகாது. யாருக்காகவும் மாத்துனதில்ல."

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அவருடைய பேத்தி எழுந்தாள். பெயர் பூங்கொடி. தருமபுரியில் நர்சிங் படிக்கிறாள். பெருமாள் வீட்டில்தான் தங்கியிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"தாத்தா, அந்தச் சந்துல நம்ம மலைப் புள்ளைங்க பதினொரு பேரு தங்கிப் படிக்கிறோம். எங்களுக்கு யாரு சோறு போடுறாங்கன்னு கேட்டிருக்கியா? அவங்க கார்டு அரிசிதான். நானே அந்த மூட்டையத் தூக்கிக்கிட்டுத் தண்டவாளத்தத் தாண்டியிருக்கேன்."

"நீயா? ரயிலுக்குக் குறுக்கயா?"

"பின்ன ரயிலு சுத்திப் போவுமா?"

இந்தத் தடவை சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது. ஊர்த்தலைவர் சிரிக்கவில்லை. தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். பிறகு கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டு, ஊர்ப்பக்கம் திரும்பிச் சொன்னார்: "நம்ம புள்ளைங்க பதினொண்ணு அங்க இருக்குன்னா அதுவும் நம்ம ஊருதான். நம்ம ஊரோட அடிக்கோடி அது. இந்த வருசம் அடியிலருந்து கூப்புடுறேன். வரிச மாறல, தலகீழா வருது. அவ்வளவுதான்."

அடியிலிருந்து கூப்பிட்டார். பதினேழு பெயர், பதினேழு குரல். ஒவ்வொருவரும் "இருக்கேன்!" என்று சொன்னது எதிர்மலையில் பட்டுத் திரும்பியது. முடிந்ததும் நாங்கள் ஓடினோம். சித்தேரிக்கு ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் போய்ச் சேர்ந்தோம்.

பஸ் வரவில்லை. அடுத்த நாளும் அது வரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அங்கேயே ஒரு வீட்டுக்கூரையின் கீழ் படுத்தோம். குளிர் எலும்பைத் தொட்டது. சூரத்தில் பாய்லர் பக்கத்தில் தூங்கிப் பழகிய உடம்பு. சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தேன். விடியும் முன் பெருமாள் எழுப்பினார். அரூர் மண்டிக்குப் புளி ஏற்றிப் போகும் லாரி ஒன்று கிடைத்திருந்தது. ஒரு வீட்டு மருமகளுக்கு மாதம் நிறைந்திருந்ததால் அந்தக் குடும்பம் மேலேயே தங்கிவிட்டது. மற்ற பதினாறு வீட்டிலிருந்தும் வீட்டுக்கு ஒருவர், கூடப் பூங்கொடி, நான். மூட்டைகளுக்கு மேல் ஏறினோம்.

வளைவுக்கு வளைவு மூட்டைகள் ஒரு பக்கம் சாய, நாங்கள் மறுபக்கம் சாய்ந்தோம். புளி கசிந்து துணியில் ஒட்டியது. "ஆபீசரு வூட்டுக்குள்ள வந்து பாத்தா, குடும்பத்தயா பாப்பாரு, கொழம்பயா பாப்பாரு?" என்றார் ஒருவர். அரூர் மண்டியில் புளியை இறக்கிய பிறகு ஓட்டுநரைக் கெஞ்சினோம். அவர் தருமபுரி வரை வருவதாக ஒப்புக்கொண்டார். "பெருமாளு என் வூட்டுச் செவுரு கட்டுனவன். இன்னிக்கு வரிக்கும் விரிசல் வுடல" என்றார். அதுதான் காரணம்.

மொரப்பூர் தாண்டிப் பின் சக்கரம் பஞ்சராகியது. ஜாக்கி போட்டுக் கழற்றி மாட்டுவதற்குள் மணி பத்தைத் தொட்டுவிட்டது. என் போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க தம்பி?"

"வண்டி பஞ்சராயிருச்சுக்கா. பதினாறு வீட்டு ஆளும் என்கூட இருக்கு."

"ஆபீசரம்மா வந்துட்டாங்க" என்றார் ராஜம்மாக்கா.  "சரி. எவ்ளோ நேரம் வேணும்?"

"ஒண்ணரை மணி நேரம்."

"பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார். அப்போதுதான் சட்டைப் பையில் கை பட்டது. மாதேஷ் வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. கதவைத் திறந்து வைப்பதற்கென்றே சூரத்திலிருந்து வந்தவன், கதவைப் பூட்டிச் சாவியோடு மலை ஏறியிருக்கிறேன். பெருமாளிடம் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டினார். "இப்பத்தான் நீங்களும் எங்க ஊரு ஆளு."

பாலத்தின் மேல் போக்குவரத்து நின்றிருந்தது. லாரி தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. அந்தப் பக்கம் பாறைமேடு தெரிந்தது. ராஜம்மாக்கா வீட்டுப் பச்சைத் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரிந்தது. ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. பெட்டிகளை எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். கடைசிப் பெட்டி போனதும் இருபுறமும் பார்த்து இறங்கினோம். ஜல்லி காலுக்கடியில் நழுவியது. என் கையில் திருவிழாப் பொங்கல் தூக்கு மட்டும்தான், அதற்கே இடறினேன். இருபது கிலோவோடு இதில் நடப்பது என்றால் என்ன என்று அப்போது புரிந்தது. பூங்கொடி என் முழங்கையைப் பிடித்து ஏற்றினாள். "அண்ணா, தண்டவாளக் கட்டைய மிதிங்க, கல்ல மிதிக்காதீங்க" என்றாள். அவளுக்கு வழி பாடமாக இருந்தது.

இந்த ஒன்றரை மணி நேரத்தில் பாறைமேட்டில் நடந்ததைக் கெம்பம்மா பிறகு சொன்னார். சொல்லும்போது அவருக்கு மூச்சு வாங்கியது, அவ்வளவு சிரிப்பு.

ஆய்வுக்கு வந்த அம்மாள் கண்டிப்பானவர், வேகமானவர். கதவு, கார்டு, முகம், அடுத்த வீடு. அந்த வேகத்தில் போனால் ஐந்து சந்தும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதனால் ராஜம்மாக்கா வரலாறு சொல்ல ஆரம்பித்தார். என்னிடம் மூன்று வரியில் முடித்த அதே வரலாறு.

முதல் வீட்டில், கல்லுடைக்க வந்த ஐந்து குடும்பங்களும் எந்தப் பாறைக்கு அடியில் அடுப்பு வைத்தன என்பது. இரண்டாவது வீட்டில், வெடி வைக்கும்போது கொதிக்கும் குழம்பை யார் எங்கே தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்பது. குவாரியில் முதல் மழைத்தண்ணீர் நின்ற வருஷம். அதில் மீன் விட்டவர் யார், பிடித்தவர் யார், அதற்காக இரண்டு சந்துகள் பேசாமல் இருந்தது. கடத்தூர்க்காரர்கள் வந்து மாடு கட்ட இடம் கேட்டது. தெலுங்குக்காரர்கள் கட்டிய முதல் கான்கிரீட் வீட்டை ஊரே வரிசையில் நின்று பார்த்தது. குழாய் வந்த நாளில் தண்ணீருக்கு முன்னால் காற்று வந்தது, அந்தக் காற்றுக்கே தேங்காய் உடைத்தது.

"அம்மா, எனக்கு எத்தனை பேர்னு தெரிஞ்சா போதும்" என்று அதிகாரி இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்.

"அதத்தான்ங்க சொல்றேன். இவுங்க எப்பிடி வந்தாங்கன்னு தெரிஞ்சாத்தான எத்தன பேருன்னு நம்புவீங்க?"

மூன்றாவது தடவை அதிகாரி அதைச் சொல்லவில்லை. மீன் சண்டையில் யார் முதலில் பேசினார்கள் என்று அவரே கேட்டாராம்.

மாதேஷ் வீட்டு முன்னால் மட்டும் கதை நின்றது. பூட்டு தொங்கியது. அதிகாரி பட்டியலில் "பூட்டு" என்று குறித்தார். ராஜம்மாக்கா அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

நாங்கள் மேடேறி வந்தபோது அவர்கள் சித்தேரிச் சந்தின் முனையில் நின்றுகொண்டிருந்தார்கள். அதுவரை நூற்று முப்பத்தாறு. பதினான்கு குறைவு. எதிரே பதினேழு பூட்டு. ராஜம்மாக்காவிடம் கதை தீர்ந்துபோயிருந்தது. அதிகாரி பேனாவை மூடப் போனார்.

"இருக்கேங்க!" என்று பின்னாலிருந்து பெருமாள் கத்தினார். நேற்றுக் கோயில் முன்னால் கொடுத்த அதே குரல். அவர் பின்னால் இன்னொருவர், இன்னொருவர். புளி ஒட்டிய வேட்டிகள், சாக்குத் தூசி படிந்த தலைகள், கையில் கார்டும் சாவியும். பூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. கயிறு கட்டிய வீட்டுக்காரர் மட்டும் மூன்றாவது முடிச்சோடு போராடினார். அதிகாரியே பேனா மூடியின் முனையைக் கொடுத்து உதவினார்.

பதினாறு. அந்தப் பதினேழாவது பூட்டு அப்படியே இருந்தது.

"மொத்தம் நூற்று ஐம்பத்திரண்டு" என்றார் அதிகாரி. ஒரு முறை எண்ணிவிட்டு இன்னொரு முறை எண்ணினார். "சரியா இருக்கு. எழுதி அனுப்பிடறேன். கடை வரும்."

கத்தலும் விசிலும் குவாரிச் சுவரில் மோதித் திரும்பின. கடத்தூர்ச் சந்திலிருந்து யாரோ எப்போதோ வாங்கி வைத்திருந்த சரவெடியை வெடித்தார்கள். பாதி நமுத்துப் போயிருந்தது, பரவாயில்லை. கெம்பம்மா கன்னடத்தில் என்னவோ சொல்லி என் கன்னத்தைக் கிள்ளினார். மலையிலிருந்து கொண்டுவந்த பொங்கலை அதிகாரிக்கும் கொடுத்தார்கள். அவர் நின்றபடியே சாப்பிட்டார். கிளம்பும்போது ராஜம்மாக்காவிடம், "உங்க கதையையும் சேர்த்து எழுதச் சொன்னா என் படிவம் பத்தாதும்மா" என்றார்.

ராஜம்மாக்கா அழவில்லை. தன் கோணல் மணிக்கட்டை மறு கையால் ஒரு தடவை தடவிவிட்டுக்கொண்டார். "இனி இது ஒடஞ்சது வீணில்ல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சாவிய எடுத்துக்கிட்டா மலைக்குப் போனீங்க?"

நான் தலையைச் சொறிந்தேன். அதிகாரி அப்போது ஒன்று சொன்னார். நான் வீட்டில் நின்றிருந்தாலும் எண்ணியிருக்க மாட்டாராம். விருந்தாளி கணக்கில் வராது. மனசு இலேசானது.

சாயங்காலம் மாதேஷ் போன் செய்தான். "எங்கூட்ட எண்ணுனாங்களாடா?"

"இல்ல. உன் வீடு இல்லாமலே ஜெயிச்சாச்சு."

அந்தப் பக்கம் கெட்ட வார்த்தை ஒன்று வந்தது, அதற்குப் பின்னால் நீளமான சிரிப்பு. கேன்டீனில் எல்லோருக்கும் கேட்கும்படி "எங்க ஊருக்குக் கட வந்துருச்சு!" என்று கத்துவது எனக்கும் கேட்டது. பாத்திரம் தட்டினார்கள். ராஜம்மாக்கா போனை வாங்கினார்.

"மாதேசு, ஒண்ணு கேக்கறேன். அடுத்த தபா எவனாச்சும் எண்ண வந்தா உன் வூடு மறுபடியும் பூட்டியேதான் கெடக்கும். பெருமாளு வூட்டுல புள்ளைங்க காலு நீட்ட எடமில்லாம படுத்திருக்குதுங்க. பூங்கொடியும் இன்னொரு பொண்ணும் உன் வூட்டுல இருந்து படிக்கட்டும். என்ன சொல்ற?"

"கேக்கணுமாக்கா? கூட்டிப் பெருக்கி வெச்சுக்கச் சொல்லுங்க. ஆனா அந்த சேதுகிட்ட சாவிய வாங்கிருங்க மொதல்ல."

சேது நான்தான். சாவியைப் பூங்கொடியிடம் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கே போகிறேன் என்று கெம்பம்மா கேட்டார். ஓசூர்ப் பக்கம் ஏதாவது வேலை இருக்கும் என்றேன். வழிக்கு வறுத்த நிலக்கடலை கட்டிக் கொடுத்தார். "மென்னு சாப்புடலாம், இது களி இல்ல" என்றார். ராஜம்மாக்கா வளைவு வரை வந்தார். தூரத்தில் டவுன் பஸ் தெரிந்தது.

"அடுத்தது இவன நிறுத்த வெக்கணும்" என்று பஸ்ஸைக் காட்டினார். "அதுக்கு எத்தன பேரு வேணுமாம், விசாரிச்சுக்கிட்டிருக்கேன்."

பஸ் வேகம் குறைந்தது. ஓடித் தொற்றிக்கொண்டேன். படியில் நின்றபடி திரும்பிப் பார்த்தபோது கல்லுக்காரர் சந்தில் மாதேஷ் வீடு தெரிந்தது. வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு. கதவைத் திறக்க வந்தவன் நான். பூட்டாமல் கிளம்பினேன்.